தொடக்கப் பள்ளிச் சுவரில் படம் வரைவது எப்படி? முதல்முறை வரைகிறவர்களுக்கு

வண்ணம் வாங்கப் போவதற்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அந்தச் சுவருக்கு எதிரே நிற்க வைத்துப் பாருங்கள். கண் தரையிலிருந்து மூன்றேகால் அடியில் இருக்கும், மிஞ்சினால் மூன்றரை. நாம் நின்றுகொண்டே வரைவதால் பறவை, முகம், பட்டாம்பூச்சி எல்லாம் நம் கண் மட்டத்துக்கு ஏறிவிடும், கீழே புல் மட்டும் மிஞ்சும். பிள்ளைகள் தொட்டுத் தடவுவது அந்த அடிப்பகுதியைத்தான். ஓதம், அதாவது ஈரம், ஏறி முதலில் கெடுவதும் அதேதான். அதனால் உழைப்பில் பாதியை அந்த மூன்றரை அடிக்கு வைத்துவிடுங்கள். கணக்குக்குப் படம் 10 அடி அகலம், 6 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லி அனுமதி வாங்குங்கள். வேலைக்கு மே விடுமுறை நல்லது, சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் படத்தை முடிவு செய்வது பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதே நடக்க வேண்டும். ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஊர்க் கண்மாயை வரையலாம் என்று பேசி, பனை, மடையான், மீன்கொத்தி, ஓரமாக ஒரு தவிட்டுக்குருவி என்று தாளில் போட்டுக் காட்டினேன். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளில் விரலை வைத்து, "இது தனியா வராது, கூட்டமாத்தான் வரும்" என்றாள். அவள் சொன்னது சரி. ஏழு குருவிகளாக மாற்றினேன், அதுவும் கீழே, தரையில் கொத்துவதுபோல. இப்போது அந்தச் சுவரில் அதிகம் கை பட்டிருக்கும் இடம் அதுதான்.

சுவர்

அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும் இடம் இது. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டினால் பழைய சுண்ணாம்பு. அதன்மேல் அப்படியே எமல்ஷன் அடித்தால் அடுத்த மழைக்குப் பட்டை பட்டையாக உரியும், என் முதல் சுவர் அப்படித்தான் போனது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தூசி போகக் கழுவிக் காயவிடுங்கள். கதவு ஜன்னலில் பழைய எண்ணெய்ப் பெயின்ட் இருந்தால் அதை மட்டும் உலர்வாகச் சுரண்ட வேண்டாம், அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம், பிள்ளைகள் நடமாடும் இடம்.

அப்புறம் ஓதம். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை அடிப்பகுதியில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் சுவர் இன்னும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் வரையாதீர்கள். உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றினால் அது மறுபடி சுவருக்குள் இறங்கிவிடும். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் பொறுங்கள்.

வெடிப்புகளுக்கு வெளிச்சுவர் பட்டி பார்த்துத் தேய்த்து, எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், மறுநாள் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்.

வண்ணம்

தண்ணீரில் கரையும் எக்ஸ்டீரியர் எமல்ஷனே போதும். எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம், நெடியும் அதிகம், ஈரத்தை வெளியே விடாமல் கொப்பளித்துக்கொள்ளும். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பழைய டின்னை யாராவது அன்பாகக் கொடுத்தாலும் பள்ளிக்கு வேண்டாம்.

இந்த 60 சதுர அடிக்கு ஒன்றரை லிட்டர் வெள்ளை இரண்டு கோட்டுக்குப் போதும், கலப்பதற்குக் கூடுதலாக ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறங்களை ஸ்டெயினர் (வெள்ளையில் கலக்கும் நிறச்சாறு) சொட்டுவிட்டு நீங்களே கலக்கலாம். ஆழ்ந்த சிவப்பும் நீலமும் கடையிலேயே கலந்து வாங்குங்கள், ஸ்டெயினர் அதிகமானால் காய்ந்த பிறகும் கையில் ஒட்டும். ஒரு நிறத்தைத் தேவையான அளவு முழுக்க ஒரே தடவையில் கலந்துவிடுங்கள், இரண்டாம் தடவை அதே நிறம் வராது.

கட்டமும் கோடும்

தாளில் 10 அங்குலம், 6 அங்குலத்தில் படத்தை வரைந்து அங்குலத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். சுவரில் அது அடிக்கு ஒரு கட்டம். தரையை நம்பி அளக்காதீர்கள், வராந்தா தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்ந்திருக்கும். கொத்தனாரிடம் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி இரண்டு முனையிலும் குறித்து, சாக்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு, கோடு நேராக விழும். ஒவ்வொரு கட்டத்திலும் தாளில் உள்ளதை மட்டும் பார்த்துச் சாக்பீஸால் வரையுங்கள். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள், அப்புறம் அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தும் பாருங்கள்.

அடிப்பது

காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்கு மேலும் அடியுங்கள், வெயில் சுட்ட சுவரில் பிரஷ் இழுபடும். மேலிருந்து கீழ், பின்னணியிலிருந்து முன்னால், பெரிய பரப்புக்குப் பிறகு சின்னது. வானத்தையும் தண்ணீரையும் நிரப்ப நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு அங்குலப் பிரஷ் கொடுக்கலாம். கோட்டுக்கு வெளியே போனால் விடுங்கள், ஓரக்கோடு கடைசியில்தானே போடப் போகிறோம். கோடு போட ஆறாம் எண் வட்டப் பிரஷ், கை நடுங்காமல் இருக்கச் சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த மூன்றரை அடிக்கு மட்டுமாவது தண்ணீரில் கரையும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) இரண்டு கை அடித்துவிடுங்கள், கைக்கறையை ஈரத்துணியால் துடைக்க முடியும். மிச்ச வண்ணங்களைச் சின்ன டப்பாக்களில் இறுக மூடி, எது எந்த இடம் என்று எழுதி ஒட்டி, தலைமையாசிரியர் அறை அலமாரியில் கொடுத்து வையுங்கள்.