நேரோபோட்ல முதல் தடவையா? 30 லாக் ஏறுன கதையும் செய்முறையும்

இங்கிலாந்து கால்வாய்ல நேரோபோட் (ஒல்லியா நீளமா இருக்கற படகு) வாடகைக்கு எடுக்க லைசென்ஸ் எல்லாம் கேக்க மாட்டாங்க, கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டிட்டு சாவிய குடுத்துட்டு போயிடுவாங்க. ஓட்டுறது ரெண்டு மணி நேரத்துல பழகிடும், லாக்தான் (ரெண்டு முனையிலயும் கேட் போட்ட தொட்டி, தண்ணிய ஏத்தி இறக்கி போட்ட அடுத்த மட்டத்துக்குக் கொண்டு போகும்) முதல் நாள் வயித்தக் கலக்கும். நாங்க அக்டோபர் கடைசில ஏறுனது வூஸ்டர் பர்மிங்காம் கால்வாய்ல இருக்கற டார்டிபிக்ங்கற லாக் வரிசை, மூணரை கிலோமீட்டர் சொச்சத்துல 30 லாக் (கால்வாய் கணக்குல 29லருந்து 58 வரைக்கும் நம்பர்), மொத்தம் 220 அடி ஏத்தம். லாக் அகலம் 7 அடிதான், போட் அதவிட ரெண்டு இஞ்ச் கம்மி. உரசும், பரவால்ல.

ஏறும்போது இப்படி:

1. ஒருத்தர் வின்ட்லாஸ எடுத்துட்டு முன்னாடியே நடந்து போங்க (பேடில சுத்தித் தூக்கற எல் ஷேப் இரும்பு கைப்பிடி, ரெண்டு வெச்சுக்கோங்க, எங்களோடது ஒண்ணு 34வது லாக்ல தண்ணிக்குள்ள தூங்குது). லாக்ல தண்ணி நிறைஞ்சிருந்து மேலருந்து யாராச்சும் வந்தா அவங்களுக்கு வழி விடுங்க. யாரும் இல்லன்னா கீழ் பேடில தூக்கி தண்ணிய வடிங்க. பேடில்னா வேற ஒண்ணும் இல்ல, நம்மூர் ஏரி மதகுப் பலகை மாதிரிதான்.

2. போட் உள்ள வந்ததும் கீழ் கேட்ட மூடுங்க, கையால தள்ளாதீங்க, கேட்லருந்து நீட்டிட்டு இருக்கற நீள மரத்துல முதுக சாச்சு காலால உந்துங்க. ஈர இலை சோப்பு மாதிரி வழுக்கும், தரையில வரிசையா செங்கல் துருத்திட்டு இருக்கும் பாருங்க, குதிகால அதுல முட்டுக் குடுங்க.

3. கீழ் பேடில் ரெண்டும் இறங்கிருக்கான்னு பாத்துட்டு மேல் பேடில பாதி மட்டும் தூக்குங்க, மொத்தமா தொறந்தா போட் முன்னாடி பின்னாடி போய் இடிக்கும், கேபின்ல டம்ளர் உருளும். பேடில் திரும்ப இறங்காம பிடிக்கற கொக்கி விழுந்துச்சான்னு பாத்து வின்ட்லாஸ கையோட கழட்டிடுங்க. மறந்து விட்டுட்டு, கொக்கி நழுவுனா அது சுத்துற வேகத்துல மூஞ்சி போயிடும்.

4. தண்ணி மட்டம் ஒண்ணானாதான் மேல் கேட் அசையும், அதுக்கு முன்னாடி நாலு பேர் முட்டுனாலும் நடக்காது, டீய குடிங்க.

5. வெளிய வந்ததும் பேடில இறக்கி கேட்ட மூடிட்டு கிளம்புங்க.

இறங்கும்போது ஒரே ஒரு விஷயம், ஆனா இதுதான் முக்கியம்: மேல் கேட்டுக்கு அடியில ‘சில்’னு சொல்ற ஒரு திண்டு இருக்கு, தண்ணி இறங்க இறங்கத்தான் கண்ணுக்குத் தெரியும். போட்டோட பின்பக்கம் அதுல மாட்டிக்கிட்டா முன்பக்கம் கீழ போயி போட்டே மூழ்கிடும். சுவர்ல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க, போட்டோட பின்பக்கமும் அதத் தாண்டி கீழ் கேட் பக்கமா இருக்கற மாதிரி நில்லுங்க, கயிற இறுக்கிக் கட்டாதீங்க.

இலையுதிர் காலத்துல இன்னொரு தொல்லை, ப்ரொபெல்லர்ல இலை சுத்திக்கும். இன்ஜின் சத்தம் கனத்து போட் மட்டும் நகராம இருந்தா நியூட்ரல் போட்டுட்டு சின்னதா ஒரு ரிவர்ஸ் குடுங்க, பின்னாடி கறுப்பு இலைக் குழம்பா மேல வரும், போட் லேசாயிடும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சுடுவாங்க, அப்புறம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டு, அதனால காலைல எட்டுக்கே கிளம்பிடுங்க. நாங்க பத்தரைக்கு கிளம்புன அறிவாளிங்க. கடைசி லாக், 58வது, மத்ததவிட நல்ல ஆழம் (ஒரு காலத்துல லாக்குக்கு பதிலா அங்க போட்ட தூக்குற லிஃப்ட் வெச்சு பாத்தாங்களாம்), டார்ச் அடிச்சுத்தான் ஏறுனோம். அதுக்கப்புறம் டனல் வேற, வேணவே வேணாம்னு அங்கயே கட்டிட்டு அடுப்ப பத்த வெச்சா, உள்ளங்கை எரிச்சல்ல டம்ளர யாராலயும் பிடிக்க முடியல.