பையனுக்கு எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கா? சி.பி.கே.யும் பாருங்கள்

என் அக்கா மகனுக்கு நாலு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம்கள் இரண்டும் ஏறியிருந்தன, காமாலை என்று சொல்லிவிட்டார்கள். மேலூர் வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மாதக்கணக்கில் கொடுத்தோம். கண் மஞ்சளாகவே இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதே பையன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்வான், கெண்டைக்கால் மட்டும் திரண்டு கெட்டியாக இருக்கும். நல்ல உடம்புவாகு என்று சந்தோஷப்பட்டோம்.

அந்த இரண்டு என்சைமும் தசையிலும் உண்டு. அதனால் இப்படி ஒரு ரிப்போர்ட் கையில் வந்தால், டாக்டரிடம் சி.பி.கே. என்ற தசை என்சைமையும் ஜி.ஜி.டி. என்ற ஈரல் என்சைமையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஜி.ஜி.டி. தசையிலிருந்து வராது. அது சரியாக இருந்து, வழக்கமாக 200-ஐ ஒட்டி நிற்கவேண்டிய சி.பி.கே. ஆயிரக்கணக்கில் இருந்தால், கோளாறு பெரும்பாலும் தசையில்தான். டுஷேன் என்ற பரம்பரைத் தசைச்சிதைவு நோயில் 10,000-ஐத் தாண்டுவது சாதாரணம். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசைச் செல்லின் சவ்வு கிழிந்து, உள்ளே இருப்பது ரத்தத்தில் கசிகிறது.

வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ஓடியாடி விளையாடிய மறுநாளோ, இடுப்பில் ஊசி போட்ட கையோடோ எடுக்காதீர்கள், எண் ஏறும்.

சி.பி.கே. சந்தேகத்தைத்தான் கிளப்பும், நோயை உறுதி செய்வது ஜீன் பரிசோதனை. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். முதலில், ஜீனில் துண்டு ஏதும் விடுபட்டோ இரட்டித்தோ இருக்கிறதா என்று பார்க்கும் எம்.எல்.பி.ஏ. பரிசோதனை எடுப்பார்கள், அதில் எதுவும் தெரியாவிட்டால் ஜீனை முழுக்கப் படிக்கவேண்டும். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வருஷங்கள் போகப் போக சி.பி.கே. இறங்கும். மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கசிவதற்குத் தசையே குறைந்துகொண்டு வருகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். பையன் எழுந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி அந்த ஃபைலிலேயே எழுதி வையுங்கள், அது அதிகம் சொல்லும். இதயத்துக்காகப் பார்க்கும் சி.பி.கே. வகையான சி.கே.-எம்.பி. ஏறியிருந்தால் உடனே இதயம் என்று பதற வேண்டாம், நோயுற்ற தசையிலிருந்தும் அது வரும். இதயத்துக்கு ட்ரோபோனின்-ஐ என்ற ரத்தப் பரிசோதனை, எக்கோ ஸ்கேன் என்று தனியாகப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு சி.பி.கே. சரியாக இருந்தாலும் அவர் ஜீனைச் சுமப்பவராக இருக்கலாம், அம்மாவின் சகோதரிகளும்தான். எனக்கு எண் சரியாகத்தான் வந்தது, இருந்தும் போன வாரம் ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.