பழைய மினி டிராக்டரின் இன்ஜினைக் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்

தென்னந்தோப்பில் இடையுழவுக்காக இரண்டு முறை பழைய மினி டிராக்டர் வாங்கியிருக்கிறேன். முதல் முறை ஏமாந்தேன். நான் போவதற்குள் விற்பவர் வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். சூடான இன்ஜினில் ஸ்டார்ட் ஆகும் சிரமமும் புகையும் மறைந்துவிடும். அதனால் விடியற்காலையில் போங்கள். முதலில் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணிக்கணக்கு மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், விற்பவர் அதை மாற்றியிருக்கலாம். பத்து ஆண்டு வண்டி 900 மணி காட்டுகிறது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால், மிதி சொல்வதையே நம்புங்கள்.

ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினுக்கு இயல்பு. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

ஸ்டார்ட் செய்ததும் வரும் லேசான புகை சீக்கிரம் அடங்க வேண்டும். நீலப்புகை அடங்காவிட்டால் ஆயில் எரிகிறது. கரும்புகைக்கு ஏர் ஃபில்டர் அடைப்பும் காரணமாகலாம், அதற்காக மிரள வேண்டாம்.

நான் பெரிதும் நம்புவது அடுத்த சோதனையைத்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும், மெதுவாக ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துளையின் மேல் தளர்வாக வையுங்கள். சற்றே அதிர்ந்தால் சரி. புகை குபுகுபுவென வந்து மூடியைத் தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) லைனரும் (பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவர்) தேய்ந்துவிட்டன. அந்த வேலைக்கு ஆகும் தொகையை மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.

கடைசியாக, மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரை மாட்டி, ஈர மண்ணில் கால் மணி நேரம் உழச் சொல்லுங்கள்.