ப்ரீஸ்கூலா, வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா? வெளிநாட்டில் நாங்கள் சறுக்கிய இடங்கள்

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு இந்தப் பேச்சில் வந்து நிற்பார்கள். பிரசவ விடுப்பு முடியப்போகிறது, உதவிக்கு வந்த அம்மாவுக்கு விசாவும் முடியப்போகிறது, பிள்ளையை எங்கே விடுவது? நாங்களும் அவசரத்தில் முடிவெடுத்து நன்றாகவே சறுக்கினோம்.

முதல் சறுக்கல், ப்ரீஸ்கூலைப் பார்க்கப் போன நேரம். அவர்கள் சொன்னபடி காலை பத்து மணிக்குப் போனோம். அந்த நேரத்தில் எந்த இடமும் அழகாகத்தான் இருக்கும்: பிள்ளைகள் தூங்கி எழுந்த தெளிவில் இருப்பார்கள், சுவர் முழுக்க ஓவியம், ஆசிரியர் தரையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பார். மயங்கி முன்பணம் கட்டிவிட்டோம். பிறகு ஒரு படிவம் கொடுக்க மாலை ஐந்து மணிக்குப் போனபோது, கதவோரம் ஒரு குட்டிப் பையன் முழங்கை வரை நனைந்த சட்டையோடு விசும்பிக்கொண்டு நின்றான். நான் படிவத்தை நிரப்பி முடிக்கும்வரை யாரும் குனிந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இருந்த இரண்டு பேரில் ஒருவர் பாய் மடித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஒரு அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கெட்டவர்கள் இல்லை, கை போதவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன். நாட்டுக்கு நாடு இது மாறும். இங்கிலாந்தில் 2 வயதுக்குக் கீழே 3 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். 2 வயதுப் பிள்ளைகளுக்கு 4 பேருக்கு ஒருவர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் 5 பேருக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று தெரிந்துகொண்டு போய், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மாலையிலும் கண்ணால் எண்ணிப் பாருங்கள். கூடவே, 'என் பிள்ளையின் அறையில் இருப்பவர் எத்தனை வருடமாக இங்கே வேலை செய்கிறார்?' என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முகம் மாறுகிற இடம் என்றால், பாடத்திட்டம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சரி, வீட்டிலேயே யாராவது பார்த்துக்கொண்டால்? நம் ஆட்கள் முதலில் நினைப்பது தாத்தா பாட்டியைத்தான். ஆனால் பெரும்பாலும் ஆறு மாதம் அம்மா அப்பா, அடுத்த ஆறு மாதம் மாமனார் மாமியார் என்று ஷிப்ட் போட்டு ஓட்டுவோம். இரண்டு வயதுப் பிள்ளை பின்னால் நாளெல்லாம் ஓட மூட்டுவலிக்காரரால் முடியாது. ஆனால் நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள், 'அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா' என்பதோடு சரி. இது போதாது என்று, விசா முடிந்து அவர்கள் விமானம் ஏறின மறுநாளே பிள்ளையைப் புது இடத்தில் கொண்டுபோய் விடுவோம். தூக்கி வைத்திருந்த ஆள், தூங்கவைத்த குரல், வீட்டின் அன்றாட ஒழுங்கு எல்லாம் ஒரே வாரத்தில் போனால் எந்தப் பிள்ளை அழாது? அவர்கள் இருக்கும்போதே, கிளம்புவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பாக, அரை நாளாக ப்ரீஸ்கூலைத் தொடங்கிவிடுங்கள்.

இன்னொரு வழி, அதே குடியிருப்பில் நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா. நம் மொழி, நம் கை, எனக்கும் ஆசைதான். ஆனால் 'தெரிந்தவர்தானே' என்று எதையும் கேட்காமல் விடுவதுதான் இங்கே தவறு. பல நாடுகளில் பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்ளப் பதிவு வேண்டும்; இங்கிலாந்தில் 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள், டிவி எவ்வளவு நேரம் ஓடும் என்று சங்கடப்படாமல் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்குப்படி 1 வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு: பிள்ளை பொம்மையைப் பார்க்கிற நேரத்தில் நழுவி ஓடிவருவது. நானும் செய்தேன். அன்றிலிருந்து வீட்டில் குளியலறைக்குப் போனாலும் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெர்மனியில் 'பெர்லின் முறை' என்று ஒன்று இருக்கிறது: முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், நாலாவது நாள்தான் சற்று நேரம் பிரித்துப் பார்ப்பார்கள், அதுவும் அதிகபட்சம் அரை மணி நேரம். இதற்கு விடுப்பு எடுத்து வையுங்கள். டாட்டா சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அழுதாலும் சரி.

அப்புறம் காய்ச்சல். ப்ரீஸ்கூலில் சேர்ந்த முதல் வருடம் சளி மாறி மாறி வந்துகொண்டேதான் இருக்கும், வருடத்துக்கு எட்டுப் பத்து முறை வந்தால்கூட அந்த வயதுக்கு அது சாதாரணம். காய்ச்சலோடு போனால் திருப்பி அனுப்புவார்கள், நீங்கள் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. அந்த நாளில் யார் வீட்டில் இருப்பது என்று கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், சண்டை காலை ஏழு மணிக்கு வரும்.

கடைசியாக மொழி. 'வீட்டிலும் இந்த ஊர் மொழியிலேயே பேசுங்கள், சீக்கிரம் பழகிவிடுவாள்' என்று யாராவது நல்லெண்ணத்தில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். புது இடத்தில் சில வாரம், சில மாதம் வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. எங்கள் மகள் முதல் வாரம் முழுக்க 'தண்ணி, தண்ணி' என்று அழ, வீட்டில் யாரையோ பெயர் சொல்லித் தேடுகிறாள் என்று ஆசிரியர் நினைத்திருக்கிறார். அன்றிரவே தண்ணி, மூச்சா, தூக்கு, வலிக்குது, தாச்சி என்று பதினைந்து வார்த்தைகளை அவர்கள் எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே பொருளும் போட்டு, மறுநாள் கொடுத்தேன். கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்தார்கள். 'மூச்சா'வை இன்றுவரை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் காரியம் நடக்கிறது.