ஊரில் நிற்கும் காரைத் தொடுவதற்கு முன்

விடுமுறைக்குத் தமிழ்நாடு வரும் பலருக்கும் வீட்டு ஷெட்டில் ஒரு கார் காத்திருக்கும். அப்பா வாங்கியதாக இருக்கும், அல்லது வெளிநாடு போகும் முன் நாமே வாங்கி விட்டுப் போனதாக இருக்கும். மெக்கானிக் வந்து பேட்டரி மாற்றி, காற்றடித்து, ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டால் "சரி, கிளம்பலாம்" என்று தோன்றிவிடும். வண்டி ஓடுகிற நிலையில் இருப்பது வேறு, ரோட்டில் இறக்கலாம் என்பது வேறு. ஆர்.சி. எனும் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் தனித்தனித் தேதிகளில் காலாவதியாகும். கார் ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் அந்தத் தேதிகள் நிற்காது.

டிக்கெட் போட்ட கையோடு மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். மூன்று தேதிகளும் ஒரே பக்கத்தில் வரும், கட்டாமல் நிலுவையில் உள்ள அபராத ரசீதும் (இ-செலான்) தெரியும். உள்ளே நுழைய இந்திய மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்பதால், ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வதுதான் எளிது.

முதலில் ஆர்.சி. சொந்த உபயோக வண்டிக்கு அது பதிவான நாளிலிருந்து 15 ஆண்டு செல்லும். அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. தாமதமானால் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடும். மூன்று வருடம் ஊர்ப்பக்கம் வராதவருக்கு இந்தத் தாமதம் மட்டுமே 18,000 ஆகிவிடும். இதற்கு மேல் தமிழக அரசின் பசுமை வரி தனி.

"பதினஞ்சு வருஷம் ஆனா வண்டியைப் பிடுங்கிடுவாங்களாமே?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக் கதை. அங்கேதான் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டி என்ற தடை கிளம்பியது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு வயதை மட்டும் காரணம் காட்டித் தடை இல்லை. தகுதி இருந்து பணமும் கட்டினால் ஓட்டலாம்.

புதுப்பிக்க வண்டியையே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் போனால் பத்து இருபது பழைய மாருதிகளும் அம்பாசடர்களும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். ஒருவர் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எண் தாளில் படிந்து வரும். அது ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஈரப்பதத்தில் பல வருடம் நின்ற காரில் அந்த இடம் துருவேறி எழுத்தே தெரியாது. அங்கேதான் பாதிப் பேர் திரும்பி அனுப்பப்படுகிறார்கள். முதல் நாளே துருவைத் துடைத்துப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆனால் உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், எண் அழிந்தால் அது இன்னொரு வழக்கு. அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து லைட், ஹாரன், இண்டிகேட்டர், பிரேக், டயர் எல்லாம் பார்ப்பார். கருப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் முன்பே உரித்துவிடுவது நல்லது.

அந்த வரிசைக்குப் போகவே புகைச் சான்றும் இன்சூரன்ஸும் கையில் இருக்க வேண்டும். புகைச் சான்று பெரும்பாலும் பெட்ரோல் பங்க் ஓரத்திலேயே கிடைக்கும். புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகுவார்கள். பெட்ரோல் வண்டி என்றால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். டீசல் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் கரும்புகையை அளப்பார்கள். எண் பலகை தெரியப் படம் எடுத்து ஏற்றிவிட்டால், சான்று நேராக அரசுத் தளத்தில் பதிவாகிவிடும். பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) என்பது வண்டியின் புகை அளவுக்கான அரசுத் தர வரிசை. பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிக்குச் சான்று ஓராண்டு செல்லும், அதற்கு முந்தைய வண்டிக்கு ஆறே மாதம். 2017 ஏப்ரலுக்கு முன் வாங்கியது பி.எஸ்.-3 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம். சென்னைக்கு 2010-லேயே பி.எஸ்.-4 வந்துவிட்டது, சிற்றூர்களுக்கு அது வரப் பல வருடம் பிடித்தது. சான்று இல்லாமல் பிடிபட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நெடுநாள் நின்ற கார் இந்தச் சோதனையில் தோற்க முக்கியக் காரணம் பழைய பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது ஈரத்தை இழுக்கும். பழையதை வடித்துவிட்டுப் புதிதாகப் போட்டு, ஏர் ஃபில்டரைப் பார்த்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு குழாயில் கம்பியை விடச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினோடு நேராகப் போய் நின்றால் நல்ல வண்டியும் தோற்கும்.

இன்சூரன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நபர் காப்பீடாவது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. முதல்முறை அபராதம் 2,000 என்பது சின்னத் தொகைதான், விபத்து நடந்தால்தான் கணக்கே வேறு. முழுக் காப்பீடு காலாவதியாகியிருந்தால் கம்பெனி ஆள் வண்டியைப் பார்த்த பிறகே தருவார்கள். உங்கள் லைசென்ஸையும் ஒரு தடவை பாருங்கள். இந்திய லைசென்ஸ் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸை மட்டும் காட்டினால் போதாது, கூடவே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே எடுத்து வர வேண்டும், இங்கே வந்து எடுக்க முடியாது.

உண்மையான சிக்கல், கார் காலமானவர் பெயரிலேயே இருப்பது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? வருடங்கள் போன பிறகு வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். அண்ணன் கனடாவில், அக்கா துபாயில் என்றால் ஒவ்வொரு கையெழுத்தும் தூதரகம் வழியாக வர வேண்டியிருக்கும். திவசத்துக்கு எல்லோரும் கூடும் நாளே இதற்கு ஏற்ற நாள். அதோடு, ஆர்.சி.யில் பதிந்த அப்பாவின் மொபைல் எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. போவது அந்த எண்ணுக்குத்தான். அம்மா அப்பா நலமாக இருக்கிறார்கள் என்றால், ஆர்.சி.யில் நாமினி பெயரை இப்போதே சேர்த்துவிடலாம். 2021 முதல் அந்த வசதி இருக்கிறது.

இதே மாதிரிதான் "தெரிஞ்ச பையன்தான்" என்று கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டுப் போவதும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, பெயர் மாறியதை ஆப்பில் கண்ணால் பார்க்கும் வரை விற்றதாக எண்ண வேண்டாம்.

ஷெட் இல்லாமல் தெருவோரம் உறை போட்டு நிறுத்தியவர்களுக்கு இன்னொரு கவலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்றச் சீருடையில் உள்ள போலீஸ் உத்தரவிடலாம். இழுத்துப் போகும் செலவு உரிமையாளர் தலையில். நடைமுறையில் பத்து மணி நேரத்தில் யாரும் வருவதில்லை. டயர் படுத்து, கண்ணாடியில் தூசி அப்பி, அடியில் நாய் குட்டி போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள். டெங்கு சமயத்தில் மாநகராட்சிக்காரர்களும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். இழுத்துப் போன வண்டியை யாரும் கேட்டு வராவிட்டால் கடைசியில் ஏலத்துக்குப் போகும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கையில் ஒட்டப்படும் நோட்டீஸை நீங்கள் பார்க்கப் போவதில்லை, ஆகவே தெருவில் விட்டுப் போகவே வேண்டாம்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் பல வண்டிகளுக்குப் புதுப்பிப்பதைவிட உடைத்துவிடுவதே லாபம் என்பது என் கணக்கு. ஆனால் சென்னைப் புதுப்பேட்டையிலோ ஊர்ப் பழைய இரும்புக் கடையிலோ எடைக்குப் போட்டால் கையில் காசு வரும், ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். அந்த எண்ணை வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு எவனாவது ஓட்டினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுங்கள். அங்கே ஒப்படைப்புச் சான்றும், பின்பு அழிப்புச் சான்றும் தருவார்கள். குடும்பத்தில் யாராவது புது வண்டி வாங்குவதாக இருந்தால் ஒப்படைப்புச் சான்றைக் காட்டிப் பதிவுக் கட்டண விலக்குப் பெறலாம். ஆர்.சி. ரத்தானது தளத்தில் தெரிந்த பிறகு, வங்கியில் சொல்லி ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள். அதில் மீதமிருக்கும் பணம் திரும்ப வரும்.