சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு அமைக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது?

பைக்கை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வருவதுதான் முதல் தவறு. ஸ்பிரிங் வண்டியோடு உங்களையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஓட்டுபவர் இல்லையென்றால் மெக்கானிக் குத்துமதிப்பாகத்தான் திருக முடியும். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டே போங்கள். அதிலேயே ஏழெட்டு கிலோ கூடிவிடும். பெட்ரோல் பாதி டேங்க் இருக்கட்டும். எப்போதும் பெட்டி மாட்டி ஓட்டுபவர் பெட்டியோடு போக வேண்டும்.

போவதற்கு முன் டயர் காற்றைச் சரிபாருங்கள். ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களில்) ஆயில் கசிந்தாலோ, ஹேண்டில் பேரிங் தேய்ந்திருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் செட்டிங் செய்த பணம் வீண்.

அடுத்தது அளவு. பின்சக்கர அச்சுக்கும் அதற்கு நேர் மேலே பாடியில் ஒட்டிய டேப்புக்கும் நடுவே அளக்க வேண்டும். சக்கரம் தரையில் படாமல் தூக்கியபோது 600 மி.மீ. என்று வைப்போம். நீங்கள் வழக்கமாக உட்காருவதுபோல் உட்கார்ந்து, பின்பக்கத்தை அமுக்கி மெல்ல விட்டால் 563. சற்றே தூக்கி மெல்ல விட்டால் 569. சராசரி 566, ஆக அமுங்கல் 34 மி.மீ. ஒரே தடவை அளந்து முடித்தால் இந்த 6 மி.மீ. வித்தியாசம் தெரியாமலே போகும். சீல், புஷ், லிங்கேஜ் பேரிங் ஆகியவற்றின் உராய்வு அது. வித்தியாசம் மிக அதிகமென்றால் அங்கே கிரீஸ் வறண்டிருக்கலாம்.

சாலை வண்டிகளுக்கு ஆளோடு 30 முதல் 40 மி.மீ. அமுங்கினால் போதும். மண்பாதை வண்டிகளில் பின்னால் 100 மி.மீ.யை ஒட்டி வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பலர் சறுக்குவது ப்ரீலோடில், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவில். அதை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்ற நம்பிக்கை லேசில் போகாது. ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க எத்தனை கிலோ வேண்டுமோ, அது மாறுவதே இல்லை; வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஆகவே ஆளோடு அளவு சரியாக வந்தபின், இறங்கி வண்டியை மட்டும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சாலை வண்டியில் பின்பக்கம் 5 முதல் 15 மி.மீ. தன் எடையிலேயே அமுங்க வேண்டும். கொஞ்சமும் அமுங்கவில்லையா? ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது, ப்ரீலோடை இறுக்கித்தான் ஒப்பேற்றியிருக்கிறார்கள். மிக அதிகமாக அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. கேட்க நேர்மாறாகத் தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான். இரண்டிலும் ஸ்பிரிங்கை மாற்றுவதே வழி.

டேம்பிங்குக்கு, அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலைத் தணிக்கும் அமைப்புக்கு, அதன் பிறகுதான் வர வேண்டும். அதன் திருகைத் தொடுமுன், முழுதாக மூடும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவையுங்கள். மூடிய பின்னும் அழுத்தித் திருகினால் உள்ளே ஊசிமுனை நசுங்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், இரண்டு கிளிக். பிறகு ஒரே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரீபவுண்ட் (அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிவதை மெதுவாக்கும் டேம்பிங்) அதிகமானால் அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் திரும்பி வர நேரமின்றி, வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். உடம்புக்கு அது கெட்டியாகத்தான் தெரியும். "ஸ்பிரிங் கெட்டி" என்று குறை சொல்லப்படும் வண்டிகள் சிலவற்றில் ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்தாலே போதும்.

பின்பக்கத்தை மட்டும் உயர்த்திவிட்டு முன்பக்கத்தை மறப்பதும் உண்டு. அப்போது ஸ்டியரிங் கோணம் செங்குத்தாகி வண்டி வெடுக்கென்று திரும்பும். ஹெட்லைட் வெளிச்சமும் கீழே இறங்கிவிடும். இரவில் கிளம்புமுன் அதையும் சரிசெய்துகொள்ளுங்கள்.