வான் பாயும்போது மீன் ஏறுவதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஸ்காபரோவில் இருக்கிற அண்ணா செப்ரெம்பர் பிறந்தால் ஒரு வீடியோ அனுப்புவார். போர்ட் ஹோப் என்ற ஊரில், கனரஸ்கா ஆற்று அணையில், சமன் மீன் துள்ளித் துள்ளி ஏறுகிற காட்சி. நாங்கள் கடையில் 'சமன் ரின்' என்று வாங்குகிற மீன் இல்லை, அசல் சமன். ஒவ்வொன்றும் என் மகனின் கை நீளம். போன முறை அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கே இவன் ஒரு மணித்தியாலம் கார் ஓடிப் போறான்? மார்கழியில இஞ்ச வந்தால் எங்கட வானிலயே காட்டலாமே" என்றா.

காட்டலாம்தான். வான் என்றால் ஆகாயம் இல்லை, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். ஆனால் வான் பார்க்க வருகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீரைப் பார்த்து, செல்ஃபி எடுத்து, கச்சான் கொறித்துவிட்டு மீனைக் காணாமலே போய்விடுகிறார்கள். காலுக்குக் கீழே ஏறிக்கொண்டிருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குப் போகாதீர்கள். போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை, மீனுக்காகப் போகாதீர்கள். அது 36 அடிக் குளம். இரும்பு வான்கதவுக்கு அடியால் சீறி வருகிற தண்ணீரை எதிர்த்து எந்த மீனும் ஏறாது. உங்களுக்கு வேண்டியது கதவில்லாத கல் வான். குளக்கட்டின் ஒரு தலைப்பில் தாழ்வாகக் கட்டிவிட்ட அணைக்கு மேலால், நிரம்பின தண்ணீர் தன்பாட்டில் வழிந்து படி படியாக இறங்குகிற சின்னக் குளம். படி ஒவ்வொன்றும் முழங்காலுக்குக் கீழே இருந்தால் நல்லது. வன்னியில் அதுக்கென்ன பஞ்சம், ஊர்ப் பெயரில் பாதி குளத்தில்தானே முடிகிறது. மாடு சாய்க்கிறவரிடமோ சைக்கிளில் மீன் விற்கிறவரிடமோ "எந்த வானில மீன் ஏறுது?" என்று கேளுங்கள். 'வான் பாயுதா' என்று மட்டும் கேட்டால், ஆம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எப்போது போவது என்பதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். ஐப்பசி மழையில் நிலம் குடிக்கும், கார்த்திகை கடைசியிலும் மார்கழியிலும்தான் குளங்கள் வான் பாயும். பாய்ந்த செய்தி கேட்ட அன்றைக்கே எல்லாரும் ஓடுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் தேத்தண்ணீர் நிறம், வேகமும் கூட. குளத்து மீன் கீழே அள்ளுண்டு போகிற நாள் அது. இரண்டு மூன்று நாள் பொறுத்து, இரவு மழை பெய்து விடிய வெளித்த ஒரு காலையில் போங்கள். அணைக்கு மேலால் ஒரு சாண் தண்ணீர் போனால் போதும். ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எட்டரைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள்களும் பாட்டும் வந்துவிடும். தூரத்திலேயே ஒரு அடையாளம் தெரியும்: கொக்குகள் தண்ணீருக்குள் இல்லாமல் வானின் ஓரக் கல்லில் வரிசைக்கு நின்றால், மீன் ஏறுகிறது.

போனதும் நடுவில் விழுகிற பெரிய தண்ணீரை மறந்துவிடுங்கள். அங்கே ஒன்றும் ஏறாது. வானின் இரண்டு ஓரத்திலும், மதிலோடு ஒட்டித் தண்ணீர் மெலிந்து வழிகிற இடத்தைப் பிடியுங்கள். விழுந்த தண்ணீர் அடியில் மோதித் திரும்பி மேலே குமிழ்விட்டுக் கிளம்புகிற ஒரு புள்ளி இருக்கும். மீன் அங்கிருந்துதான் எழும்பும், கிளம்புகிற தண்ணீர் அதற்கு ஒரு உந்தல் கொடுக்கிறது. கீழே குழி ஆழமாக இல்லாவிட்டால் துள்ளவும் முடியாது. கனரஸ்காவிலும் இதே கதைதான், அண்ணாவின் வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன்.

இறக்கத்துப் பக்கத்தில், வெயில் முதுகில் படாமல் பாருங்கள். நிழல் தண்ணீரில் விழுந்தால் பத்து நிமிசம் வீண். குந்தி இருங்கள். ஒரே புள்ளியைப் பாருங்கள். முதல் கால் மணித்தியாலம் எதுவும் இல்லை என்றுதான் தோன்றும்.

பிறகு ஒரு கெண்டை. உள்ளங்கை அளவுதான். நுரைக்குள்ளிருந்து எறிந்த சில்லறைக் காசுபோல எழும்பி, கல்லில் அடிபட்டு விழுந்தது. திரும்பவும் எழும்பியது, விழுந்தது. மூன்றாம் தரம் படியின் விளிம்பில் விழுந்து, விரற்கடைத் தண்ணீரில் பக்கப்பாடாகக் கிடந்தது. வயிறு வெள்ளையாக மினுங்கியது, செவுள் திறந்து மூடியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். வாலை நாலு தரம் அடித்து மேற்படிக் குழிக்குள் சரிந்து போனது. அடுத்த படி இருந்தது, அதைப் பார்க்க முடியவில்லை. மகன் "அம்மா, அம்மா" என்று கத்தி, பக்கத்தில் இருந்த கொக்கும் பறந்துவிட்டது.

குளத்தில் மிகுதியாக இருக்கிற ஜப்பான் மீனுக்காகக் காத்திருக்க வேண்டாம். பேர் ஜப்பான், சொந்த ஊர் ஆபிரிக்கா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட மீன். முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கிற தாய்க்கு ஏறிப்போக வேண்டிய தேவை இல்லை. கனரஸ்கா ஆறு ஒன்ராறியோ ஏரியில் போய் விழுகிறது. அண்ணா பார்க்கிற சமனும் அந்த ஏரிக்கு வரத்து மீன்தான். பசிபிக் கடல் பக்கத்து மீனை 1960களின் கடைசியிலிருந்து அங்கே விட்டார்கள். அந்த ஏரியின் சொந்தச் சமன் அதற்கு வெகுகாலம் முன்பே அற்றுப்போய்விட்டது. வந்த மீன் முட்டையிட்டபின் செத்துவிடும் என்று சொன்னபோது அம்மா, "சாகவோ உவ்வளவு பாடுபட்டு ஏறுது?" என்று அன்றிரவு இரண்டு தரம் கேட்டா. எங்கள் கெண்டை சாகாது. வெள்ளம் புதிதாய் மூடின புல்லுத் தரையில் முட்டையை விட்டுவிட்டுத் திரும்பிவிடும். விலாங்கு எல்லாவற்றுக்கும் மறுதலை: வளர்வது இங்கே, முட்டையிடக் கடலுக்கு இறங்கும்.

பனையேறி மீனைப் பார்க்க வேண்டுமென்றால் இரவில் வாருங்கள், ரோர்ச்சோடு. அது துள்ளாது, நடக்கும். வானை விட்டு விலகி, ஓரப் புல்லுக்குள்ளால், செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஊன்றிப் போகும். காற்றிலிருந்தே மூச்சு எடுக்கிற உறுப்பு அதன் தலைக்குள் இருக்கிறது. பனையில் ஏறியதை நான் கண்டதில்லை. அப்பு கண்டதாகச் சொல்வார், அப்பு கள்ளும் குடிப்பார்.

இரவில் போகிறவர்கள் தனியே போகாதீர்கள். குளங்களில் முதலை இருக்கிறது, மீன் கூடுகிற இடத்துக்கு அதுவும் வரும். வானுக்குக் கீழே பற்றைக்குள் இறங்க வேண்டாம். யானையும் பாம்பும் ஒரு பக்கம், கண்ணிவெடி என்று மண்டையோடு கீறின சிவப்புப் பலகை இன்னும் நிற்கிற காணிகள் இன்னொரு பக்கம். பாசி பிடித்த கல்லில் செருப்போடு ஏறினால் நிச்சயம் விழுவீர்கள். நான் விழுந்தேன், கணுக்கால் வீங்கி ஒரு கிழமை நொண்டினேன், போனும் போனது. வெறுங்கால் நல்லது. முழங்காலளவு தண்ணீர் பாதையைக் குறுக்கறுத்தால் மோட்டார் சைக்கிளை விடாதீர்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் என் கணவர் "இது என்ன தண்ணி" என்று விட்டுப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை மூன்றாம் நாள் ஒரு மருதமர வேரில் கண்டெடுத்தோம்.

ஒரு மனக்குறை. சிலர் வானின் முழு அகலத்துக்கும் வலை கட்டிவிட்டு, உரப்பையோடு குந்தியிருக்கிறார்கள். கரப்பு என்கிற மீன் பிடிக்கிற கூடையைக் குத்துகிறவர் கறிக்கு நாலு எடுப்பார், அது வேறு. வலை கட்டின வானில் முட்டை வயிற்றோடு ஏறுகிற ஒன்றுகூட மிஞ்சாது. சண்டை பிடிக்கப் போகாதீர்கள், நான் பிடித்து அவமானப்பட்டதுதான் மிச்சம். கமக்காரர் அமைப்புத் தலைவரிடம் சொல்லுங்கள், ஊரில் அவருடைய சொல்லுக்குத்தான் மதிப்பு. கனடாவில், அணையைத் தாண்டி மீன் ஏறக் கட்டிவிட்ட படிகளான மீன் ஏணிக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கச் சட்டம் விடாதாம்.

வான் நிற்கிற நாளிலும் ஒருக்கால் வாருங்கள். தண்ணீர் திடீரென்று இறங்க, படிக் குழிகளில் மீன் அகப்பட்டுப்போகும். வெயில் ஏற முன்னம் பிள்ளைகளோடு அவற்றை அள்ளிக் குளத்துக்குள் விடலாம். போன முறை பதினேழு கெண்டை, இரண்டு விரால் குஞ்சு, ஒரு பனையேறி. வாளி கொண்டு வாருங்கள், மூடியோடு. பனையேறி வாளிக்குள்ளும் நிற்காது.